தோட்ட மாளிகைக்குள் குடும்பம்: காலனிக் கால வர்ஜீனியா பற்றி ஒரு கேள்வி

ரெஸ்டன்_மீனாட்சி (இழையைத் தொடங்கியவர்)

வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த தோட்ட மாளிகையான மவுண்ட் வெர்னனுக்கு ஒரு நாள் கூட்டிப்போக வேண்டும். இந்த முறை வந்தது என் மாமியார். வழிகாட்டி பீங்கான் தட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டு போக, அத்தை என்னிடம் மெதுவாக மூன்று கேள்வி கேட்டார். இந்த வீட்டில் சமைத்தது யார்? பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்தது யார்? மாமனார், மகன், மருமகள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழேதானா, சண்டை வராதா?

எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். சுதந்திரப் போருக்கு முந்தைய காலம், புகையிலையில் பணம் குவிந்த 1700 முதல் 1776 வரை என்று வைத்துக்கொள்ளலாம். வாஷிங்டனின் அரசியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. வீட்டுக்குள் நடந்தது வேண்டும்.

ஆவணப்பூச்சி

அத்தை கேட்டவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். நல்லவேளையாக இந்தக் குடும்பங்கள் நிறைய எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கின்றன. மூன்று நாட்குறிப்புகள் முக்கியமானவை. வெஸ்ட்ஓவர் தோட்டத்து இரண்டாம் வில்லியம் பேர்ட் எழுதியது. சபைன் ஹால் தோட்டத்து லாண்டன் கார்ட்டர் எழுதியது. நோமினி ஹால் என்ற மாளிகையில் 1773-74இல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஃபிலிப் ஃபித்தியன் என்ற இளைஞர் எழுதியது. முதல் இருவர் எசமானர்கள். மூன்றாமவர் நியூ ஜெர்சியிலிருந்து வந்த வெளியாள். அதனால் வீட்டுக்காரர்கள் சகஜமாக எடுத்துக்கொண்டதை எல்லாம் அவர் கண்ணை அகல விரித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

முதல் கேள்வி, சமையல். சமையல்கட்டு பெரும்பாலும் மாளிகைக்குள் கிடையாது. தனிக் கட்டடம். தீப்பிடிக்கும் பயம், கோடைச் சூடு, வாசனை என்று காரணம் சொல்வார்கள். சமைத்தவர்கள் அடிமைப் பெண்கள், சில வீடுகளில் அடிமை ஆண்கள். சமைத்ததை மூடி எடுத்துக்கொண்டு நடந்து வந்து பரிமாற வேண்டும். மவுண்ட் வெர்னனில் வளைவான கூரைப் பாதை ஒன்று சமையல்கட்டையும் வீட்டையும் இணைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அளவு தெரிய வேண்டுமா? நோமினி ஹால் எசமானி ஃபிரான்ஸஸ் கார்ட்டர் அந்த வாத்தியாரிடம் ஒரு வருடக் கணக்கைச் சொல்கிறார்: 27,000 பவுண்டு எடை பன்றி இறைச்சி, 20 மாடு, 550 புஷல் கோதுமை, நான்கு பெரிய பீப்பாய் ரம், 150 காலன் பிராந்தி. மக்காச்சோளம் இதில் சேரவில்லை.

இரண்டாவது கேள்விக்கும் அதே வாத்தியார்தான் சாட்சி. இங்கே வசதியான வீடுகளில் குழந்தைகளுக்குக் கறுப்பினப் பெண்களே பால் கொடுக்கிறார்கள் என்று வியந்து எழுதுகிறார். தன் பிள்ளைகளிலும் பலர் அப்படி வளர்ந்தவர்களே என்று எசமானி சொன்னாராம். அவருக்கு மொத்தம் 17 பிரசவம்.

சேலம்_குமரன்

27,000 பவுண்டு பன்றி இறைச்சி என்றால் 12 டன்னுக்கு மேல் வருகிறதே சார். கல்யாண மண்டபம் நடத்தினார்களா, குடும்பம் நடத்தினார்களா?

ஆவணப்பூச்சி

கிட்டத்தட்ட மண்டபம்தான். நல்ல சாலை கிடையாது, சத்திரம் குறைவு. ஆற்றோரம் போகிற பெரிய மனிதர் எவரும் அடுத்த மாளிகையில் இறங்கித் தங்குவது வழக்கம். விருந்தாளி இல்லாத நாள் அபூர்வம். நடன ஆசிரியர் ஒருவர் வீடு வீடாகச் சுற்றி வருவார். அவர் முறை எந்த வீட்டுக்கு வருகிறதோ, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே வந்து இரண்டு மூன்று நாள் தங்கி ஆடிவிட்டுப் போவார்கள்.

அந்த இறைச்சிக் கணக்கோடு இன்னொன்றையும் படியுங்கள். மேசையருகே நிற்கும் சில செல்லப் பணியாளர்களை விட்டால், மற்ற அடிமைகளுக்கு வாரப்படி ஒரு ஆளுக்கு ஒரு பெக் மக்காச்சோளமும் ஒரு பவுண்டு இறைச்சியும்தான் என்று ஃபித்தியன் குறித்திருக்கிறார். ஒரு பெக் என்பது ஏறக்குறைய 9 லிட்டர் படி. இறைச்சி அரைக் கிலோகூட வராது.

தாரா

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் மாமியார் இல்லை, மாமனார்தான் வில்லன்.

லாண்டன் கார்ட்டர் மூன்று முறை கட்டி மூன்று மனைவியையும் இழந்தவர். மூத்த மகன் ராபர்ட் வொர்ம்லி கார்ட்டர், கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்பா வீட்டிலேயே இருந்தார். வேறு வழி இல்லை. கிழவர் உயிரோடு இருக்கும்வரை சபைன் ஹால் அவர் கையில். மகன் சூதாடுகிறான், பேச்சைக் கேட்பதில்லை என்று பக்கம் பக்கமாகப் புலம்பல். 1766இல் ஒரு நாள் பேரன் அடம்பிடிக்க, தாத்தா சாட்டையை எடுத்து அவன் கையில் ஒன்று வைத்தார். மருமகள் வினிஃபிரட் பேய் பிடித்தவள்போல எழுந்து வந்தாளாம். என் பிள்ளையைச் சாட்டையால் அடிப்பதா என்று அவள் கேட்டதைத் தாத்தா பெரிய அவமானமாகவே எழுதிவைக்கிறார். மகனும் மனைவி பக்கம். பிறகு மகள் ஜூடித், அப்பாவுக்குப் பிடிக்காத ரூபன் பீல் என்பவரைக் கட்டிக்கொண்டபோது இன்னொரு சுற்று.

பேரன்மேல் சாட்டை பட்டதும் அந்தத் தாய்க்கு ஏன் அவ்வளவு கோபம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் சாட்டை யாருக்கு உரியது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பேரன்மேல் எடுத்ததுதான் குற்றம்.

ரெஸ்டன்_மீனாட்சி

தாரா, கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளின் படிப்பு எப்படி? பெண் பிள்ளைகளும் வாத்தியாரிடம் படித்தார்களா?

ஆவணப்பூச்சி

நோமினி ஹாலில் படித்தார்கள். ஃபித்தியனிடம் எசமானரின் இரண்டு மகன்கள், அவர் சகோதரியின் மகன் ஒருவன், ஐந்து பெண்கள். மூத்த பையனுக்கு லத்தீன், கிரேக்கம். பெண்களுக்கு வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு. இசையும் நடனமும் தனி. வாத்தியாருக்கு வருடம் 35 பவுண்டு சம்பளம், தங்க அறை, குதிரை, நூலகத்தைப் பயன்படுத்தும் உரிமை.

அதற்கு முந்தைய தலைமுறையில் பையன்களைக் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கே அனுப்பிவிடுவார்கள். பேர்ட் ஏழு வயதில் போனவர். அப்பா 1704இல் இறந்ததால் 1705இல் திரும்பி வந்து சொத்தை ஏற்றார். பெற்றோரோடு அவர் வாழ்ந்த வருடங்களை எண்ணினால் மிகக் குறைவு.

இன்னொரு வகைப் படிப்பும் உண்டு. அது எந்த வாத்தியாரும் நடத்தாதது. மார்த்தா கஸ்டிஸ் 1759இல் வாஷிங்டனைக் கட்டிக்கொண்டு வந்தபோது கூட வந்த வீட்டுப் பணியாளர் பட்டியல் இருக்கிறது. மகன் ஜாக்கிக்குப் பணிவிடை செய்ய ஜூலியஸ், வயது 10. மகள் பாட்ஸிக்கு ரோஸ், வயது 12. அப்போது ஜாக்கிக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அதே வருடம் லண்டனுக்குப் போன சாமான் பட்டியலில் பொம்மை, விளையாட்டுச் சாமான், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சின்னப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. விளையாட்டுச் சாமானோடு ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

பழைய_வக்கீல்

நண்பர்கள் நாட்குறிப்பை வைத்துப் பேசுகிறார்கள். நான் சட்டப் புத்தகத்தை வைத்துப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளும்.

இந்தக் குடும்பங்களின் அன்பும் சண்டையும் எல்லாமே சொத்துச் சட்டத்தின்மேல்தான் நிற்கின்றன. நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

1662இல் வர்ஜீனியா சபை ஒரு சட்டம் போட்டது. குழந்தை அடிமையா சுதந்திரனா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. ஆங்கிலப் பொது வழக்கில் குழந்தை தகப்பனின் வழியில் போகும். இங்கே வேண்டுமென்றே திருப்பிப் போட்டார்கள். விளைவு என்ன? எசமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளை, அவருக்கே சொத்து.

1705இல் அடிமைகளை நிலம்போல அசையாச் சொத்தாகக் கருதி வாரிசுகளுக்கு இறங்கச் செய்தார்கள். நிலத்தோடு சேர்த்தே ஆட்களையும் தலைமுறை தலைமுறைக்குக் கட்டிவைக்க 1727இல் வழி செய்யப்பட்டது. உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கு. விற்க முடியாதபடி வம்சத்துக்கே கட்டிவைக்கும் முறையை 1776இலும், மூத்த மகன் உரிமையை 1785இலும்தான் ஒழித்தார்கள்.

மூன்றாவது, மனைவியின் நிலை. கல்யாணம் ஆன நிமிடம் முதல் அவளுக்கென்று தனிச் சட்ட உருவம் கிடையாது. ஒப்பந்தம் போடவோ வழக்குத் தொடுக்கவோ கணவன்தான் வர வேண்டும்.

நான்காவது, கைம்பெண் பங்கு. கணவன் இறந்தால் மூன்றில் ஒரு பங்கை அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம். விற்க முடியாது, யாருக்கும் எழுதிக்கொடுக்கவும் முடியாது. அவளுக்குப் பிறகு அது முதல் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். இந்த நான்காவதை மறந்துவிடாதீர்கள். மவுண்ட் வெர்னனின் கதை முழுக்க இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சேலம்_குமரன்

வக்கீல் ஐயா, கட்டணம் எவ்வளவு என்று தனிமடலில் சொல்லுங்கள் 😀

பழைய_வக்கீல்

கட்டணத்துக்குப் பதில் ஒரு கதை சொல்கிறேன், குமரன்.

மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ். அவருடைய அப்பா ஜான் கஸ்டிஸ், நான்காம் ஜான் என்று எண் போட்டுச் சொல்வார்கள். இவருக்கும் மனைவி ஃபிரான்ஸஸுக்கும் ஒத்துப்போகவே இல்லை. 1714இல் இருவரும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரை ஒருவர் கேவலமாகத் திட்டக்கூடாது, கணவர் வியாபாரத்தில் மனைவி தலையிடக்கூடாது, வீட்டு நிர்வாகத்தைக் கணவர் மனைவியிடமே விட்டுவிட வேண்டும் என்று ஷரத்து ஷரத்தாக. அடுத்த வருடமே அம்மையார் பெரியம்மையில் போய்ச் சேர்ந்தார். ஜான் கஸ்டிஸ் அதற்குப் பிறகு 34 வருடம் இருந்தார், மறுமணம் செய்யவில்லை. அவர் கல்லறையில் அவரே கட்டளையிட்டுச் செதுக்கச் செய்த வாசகம் இன்றும் இருக்கிறது. வயது 71, ஆனால் வாழ்ந்தது ஏழு வருடம்தான். அது ஆர்லிங்டனில் பிரம்மச்சாரியாக இருந்த காலம் என்று பொருள்பட எழுதியிருக்கிறார். (இது கிழக்குக் கரையில் இருக்கும் பழைய ஆர்லிங்டன். வாஷிங்டன் நகருக்கு எதிரில் இருப்பது இல்லை.)

சிரித்து முடித்தீர்களா? இப்போது மறுபாதி. இதே ஜான் கஸ்டிஸுக்கு ஆலிஸ் என்ற அடிமைப் பெண்ணிடம் ஜாக் என்று ஒரு பையன் இருந்தான். அவன்மேல் கிழவருக்கு அப்படி ஒரு பாசம். ஆனால் 1723ஆம் வருடச் சட்டப்படி, ஆளுநரும் அவர் சபையும் அனுமதிக்காமல் ஒரு எசமான் தன் விருப்பத்துக்கு அடிமையை விடுவிக்க முடியாது. 1744இல் தானே பெற்ற பிள்ளைக்காக மனுப் போட்டார். விடுதலை வாங்கிக் கொடுத்தார், நிலம் எழுதினார், நல்ல வீடு கட்டிக்கொடுக்க உயிலிலும் ஏற்பாடு செய்தார். சட்டப்படியான மகன் டேனியலுக்கோ நாற்பது வயது நெருங்கும்வரை கல்யாணத்துக்குச் சம்மதம் தரவில்லை. வந்த பெண்ணை எல்லாம் தட்டிக்கழித்தார். கடைசியில்தான் மார்த்தா. கிழவர் 1749இல் இறந்தார், 1750இல் கல்யாணம், 1751இல் ஜாக்கும் சின்ன வயதிலேயே இறந்துபோனான்.

வைகைக்கரையாள்

படித்துக்கொண்டே வருகிறேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்த வீட்டுப் பெண்களும் ஒரு வகையில் அடிமைகள்தானே? தனக்கென்று சொத்தில்லை, 17 பிரசவம், கணவனின் வெளித்தொடர்புகளைப் பார்த்தும் பார்க்காதமாதிரி இருக்க வேண்டும். மாளிகை ஒரு பெரிய சிறை. அவர்களும் பாவம்தான்.

தாரா

பாவம் என்பதில் பாதி சம்மதம், அக்கா. அடிமைகள் என்பதில் சம்மதமில்லை.

பேர்டின் மனைவி லூசியை எடுத்துக்கொள்வோம். மேலே வக்கீல் சொன்ன ஃபிரான்ஸஸின் கூடப்பிறந்தவர். 1711இல் வில்லியம்ஸ்பர்க் போக இவர் புருவம் திருத்திக்கொள்ள ஆசைப்பட்டார். கணவர் கூடாது என்றார். அதற்கு ஒரு பெரிய சண்டை, கடைசியில் அவர் சொன்னதே நடந்தது. அதைச் சுருக்கெழுத்துக் குறியீட்டில் வெற்றியாக எழுதிவைக்கிறார் மனுஷன். 1710 ஜூனில் கைக்குழந்தை பார்க் இறந்தான். மனைவி உடைந்துபோனாள், நான் அவளைவிட நன்றாக இறைவன் தீர்ப்பை ஏற்றேன் என்று அதையும் எழுதுகிறார். நீங்கள் சொல்லும் சிறை இதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குழந்தை இறந்த அடுத்த மாதமே இன்னொரு குறிப்பு. லூசி, வீட்டிலிருந்த சின்ன ஜென்னி என்ற பெண்ணைக் காய்ச்சிய இரும்பால் சுடவைத்தார். கணவர் இதற்காக அவளோடு சண்டை போட்டார். அவர் மட்டும் என்ன யோக்கியமா என்றால், படுக்கையை நனைத்ததற்காக யூஜீன் என்ற பையனை மூத்திரம் குடிக்கவைத்தவரும் அவரேதான். அன்றைக்கும் எந்த நாளையும்போல எபிரேயம் படித்தது, பிரார்த்தனை செய்தது எல்லாம் வரிசையாக இருக்கிறது.

லூசிக்குப் புருவத்தின்மேல்கூட அதிகாரம் இல்லை. ஜென்னியின் உடம்பின்மேல் இருந்தது. கணவனிடம் தோற்றதை எல்லாம் இறக்கிவைக்க அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது. அடிமைக்கு அப்படி எந்த இடமும் இல்லை.

வைகைக்கரையாள்

ம். ஜென்னியைப் பற்றி எனக்குத் தெரியாது. இருந்தாலும் லூசிக்காக வருத்தப்படுவதை நான் விடமாட்டேன்.

தாரா

விட வேண்டாம். நானும் விடவில்லை. 1716இல் லண்டனில் பெரியம்மையில் இறந்தார், வயது முப்பதுகூட ஆகியிருக்காது.

பழைய_வக்கீல்

வைகைக்கரையாள் அம்மணி சொன்னதை ஒட்டி ஒரு சட்டக் குறிப்பு. அந்தப் பெண்களுக்குச் சுயமாகக் கையெழுத்துப் போடும் உரிமை திரும்பக் கிடைப்பது ஒரே ஒரு கட்டத்தில்: கைம்பெண் ஆன பிறகு. மார்த்தா 26 வயதில் கைம்பெண் ஆனார். டேனியல் உயில் எழுதாமல் 1757இல் இறந்தார். சுமார் 17,500 ஏக்கர், 300 பேரளவில் அடிமைகள். நான்கு குழந்தைகளில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. ஒன்றரை வருடம் லண்டன் வியாபாரிகளுக்கு அவரே கடிதம் எழுதிப் புகையிலை விற்றார், கடன் கொடுத்து வாங்கினார். 1759 ஜனவரியில் மறுமணம், எல்லாம் மறுபடி கணவன் கைக்கு. ஆனால் கஸ்டிஸ் சொத்தின் கைம்பெண் பங்காக வந்த 84 பேர் மட்டும் வாஷிங்டனுக்கும் சொந்தமில்லை, மார்த்தாவுக்கும் சொந்தமில்லை. ஆயுள் அனுபவம் மட்டும்.

அந்த வீட்டில் ஒரு சாவு என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பாட்ஸிக்கு வலிப்பு நோய். வைத்தியர்கள், நீரூற்றுகள், மருந்துகள் எல்லாம் பார்த்தார்கள். 1773 ஜூன் மாதம் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்த கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்து இறந்தாள், 17 வயது. அவள் பங்கில் பாதி அண்ணன் ஜாக்கிக்கு, பாதி தாய் வழியாக வாஷிங்டனுக்கு. அதை வைத்து அவர் லண்டன் வியாபாரிகளிடம் இருந்த பெரிய கடனைத் தீர்த்தார். அவர் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் அது நிஜம் என்று தெரியும். துக்கமும் வரவும் ஒரே நாளில் ஒரே வாசல் வழியாக வந்தன, அவ்வளவுதான்.

ஹட்டன்_மைந்தன்

எங்கட மலையகத்துத் துரைமாரின் பங்களா வாழ்க்கையைப் பற்றிச் சின்ன வயதில் தாத்தா சொல்லக் கேட்டவன் நான். அதோடு ஒப்பிட்டுத்தான் இதைப் படித்தேன். ஒரு பெரிய வித்தியாசம் படுகிறது. தேயிலைக் காலத்தில் பெரிய துரை பெரும்பாலும் கம்பனியின் சம்பளக்காரர். பிள்ளைகளைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டு, ஓய்வு பெற்றதும் தானும் போய்விடுவார். பங்களா அடுத்த துரைக்கு. தொழிலாளி பற்றுச்சீட்டிலும் கங்காணியின் கடனிலும் கட்டுண்டவர், ஆனால் துரை மகளின் சீதனத்தில் அவர் பெயர் வராது. வர்ஜீனியாவில் வீடு, நிலம், ஆள் மூன்றும் பரம்பரைச் சொத்து. அதனால்தான் ஒவ்வொரு கல்யாணமும் அங்கே ஆட்களைப் பங்குபோடுகிற காரியமாகியிருக்கிறது. இது பிழையென்றால் வக்கீல் ஐயா திருத்தட்டும்.

பழைய_வக்கீல்

திருத்த ஒன்றுமில்லை, நான் நீட்டி முழக்கியதை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள்.

ரெஸ்டன்_மீனாட்சி

கல்யாணத்தில் ஆட்களைப் பங்குபோடுவது என்றதும் ஜெஃபர்சனின் மாளிகையான மான்டிசெல்லோ நினைவுக்கு வருகிறது. அங்கே அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் ஜெஃபர்சன் மனைவிக்குத் தங்கை முறை என்று எங்கேயோ படித்தேன். உண்மையா?

ஆவணப்பூச்சி

ஆம், ஒரே தகப்பன். ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் மூன்று மனைவியரை இழந்தவர். பிறகு எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணிடம் அவருக்கு ஆறு பிள்ளைகள். கடைசிப் பெண் சாலி, 1773இல் பிறந்தவள். அதே வருடம் வேல்ஸ் இறந்தார். மகள் மார்த்தா (வாஷிங்டன் மனைவி மார்த்தா வேறு) வழியாக ஜெஃபர்சனுக்கு வந்தது சுமார் 11,000 ஏக்கரும் 135 ஆட்களும், கூடவே தலைமேல் கடனும். அந்த 135 பேரில் மனைவியின் உடன்பிறப்புகள் ஆறு பேரும் உண்டு. அவர்கள் வயலுக்குப் போகவில்லை, வீட்டுக்குள் வந்தார்கள். மார்த்தா ஜெஃபர்சனின் படுக்கையைத் தட்டிப் போட்டதும் சாப்பாடு பரிமாறியதும் அவருடைய சொந்தத் தம்பி தங்கைகள்.

மார்த்தா 1782 செப்டம்பரில், ஜெஃபர்சனுக்கு ஆறாவது பிள்ளையைப் பெற்ற பிறகு தேறாமலே இறந்தார். என் பிள்ளைகளுக்கு மாற்றாந்தாய் வேண்டாம் என்று கணவனிடம் வாக்கு வாங்கினார் என்பது அப்போது படுக்கையருகே நின்ற ஹெமிங்ஸ் குடும்பத்துப் பெண்கள் வழியாக வந்த செய்தி. மார்த்தாவே இரண்டு மாற்றாந்தாய்களிடம் வளர்ந்தவர். ஜெஃபர்சன் மறுமணம் செய்யவில்லை.

1787இல் ஜெஃபர்சன் பாரிசில் தூதராக இருந்தபோது, சின்ன மகள் பாலியைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனவள் 14 வயது சாலி. பிரான்சில் அவள் விடுதலை கேட்டு மனுப் போட்டிருக்கலாம். பிறக்கும் பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் திரும்பி வந்தாள் என்று மகன் மேடிசன் 1873இல் ஓஹையோவில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். வளர்ந்து ஆளான பிள்ளைகள் நான்கு பேர். நால்வருமே வெளியேறினார்கள். 1998இல் மரபணுச் சோதனை வந்த பிறகு பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அந்தப் பிள்ளைகளின் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பு அந்தக் குடும்பத்தார் ஒன்றரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டே இருந்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடுநிலை_நாதன்

எல்லாரும் இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறீர்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம். அடிமை முறை தவறு என்று அவர்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. அப்படி வளர்ந்தவர்களை எப்படிக் குறை சொல்ல முடியும்?

ஆவணப்பூச்சி

நாதன் சார், இழையின் முதல் பதிலில் வந்த நோமினி ஹாலுக்கே வாருங்கள். அந்த வீட்டு எசமான் ராபர்ட் கார்ட்டர், மாகாணத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். அவருடைய தாத்தா "கிங்" கார்ட்டருக்கு மூன்று லட்சம் ஏக்கர் இருந்தது. பேரன் மாளிகையில் உட்கார்ந்து கண்ணாடிக் கிண்ணங்களால் ஆன இசைக்கருவி வாசித்துக்கொண்டிருந்தவர். பிறகு பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்து அடிமைகளோடு ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார். 1782இல் சட்டம் தளர்ந்தது, எசமான்கள் தாங்களாகவே விடுவிக்கலாம் என்று ஆனது. 1791இல் 450க்கும் மேற்பட்டவர்களின் பெயரை எழுதி, வருடா வருடம் தவணையாக விடுவிக்கப் பத்திரம் பதிந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். சொந்தப் பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை. அவர் பால்டிமோருக்கே குடிபோய்விட்டார்.

அதே காலம், அதே வகுப்பு, அதே கண்ணாடி. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நடுநிலை_நாதன்

ஒருவரை வைத்து எல்லாரையும் எடைபோட முடியாது. அவர் விதிவிலக்கு.

தாரா

விதிவிலக்குதான். தெரிந்தும் செய்யாதவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த விதிவிலக்குத்தான் காட்டுகிறது. லூசி ஜென்னியைச் சுட்டபோது கணவர் சண்டை போட்டாரே, அது தவறு என்று தெரியாமலா?

நடுநிலை_நாதன்

சரி, அந்தக் கணவர் விஷயத்தில் பதில் இல்லை. பொதுவாகச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

தஞ்சை_நெசவு

நடுவில் ஒரு சின்னச் செய்தி. 1721இல் இங்கிலாந்து நம் ஊர் அச்சுத் துணியை உள்நாட்டில் உடுத்தத் தடை போட்டது, ஆனால் காலனிகளுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் ஏற்றிய சீட்டித் துணிகள் லண்டன் வழியாக அமெரிக்கக் காலனிகளுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். வர்ஜீனியா எசமானிகளின் கவுனிலும் படுக்கைத் திரையிலும் நம் ஊர்க் கைவேலை இருந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் பார்த்தால் ஓரத்தைக் கவனியுங்கள்.

ரெஸ்டன்_மீனாட்சி

அடுத்த முறை கட்டாயம் பார்க்கிறேன். வக்கீல் ஐயா, அந்த 84 பேர் என்ன ஆனார்கள்? மறந்துவிடாதீர்கள் என்றீர்கள், ஆனால் முடிக்கவில்லை.

பழைய_வக்கீல்

சொல்கிறேன். 1799இல் வாஷிங்டன் கணக்கெடுத்தபோது மவுண்ட் வெர்னனில் 317 பேர். அவருக்குச் சொந்தம் 123, கஸ்டிஸ் சொத்தின் பங்கு 153, மற்றவர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். 84 என்பது பிள்ளை, பேரப்பிள்ளை பெற்று 153 ஆகிவிட்டது. தாய் கஸ்டிஸ் பங்கு என்றால் பிள்ளையும் கஸ்டிஸ் பங்கு. 1662ஆம் வருடச் சட்டம்.

நாற்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளாமல் இருப்பார்களா? இந்தப் பக்கத்து ஆணுக்கும் அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்து கலந்துபோனார்கள். வாஷிங்டன் தன் உயிலில் தன் ஆட்களுக்கு மட்டும், அதுவும் மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு, விடுதலை எழுதினார். மார்த்தா 1801 ஜனவரி 1ஆம் தேதியே விட்டுவிட்டார். தன் சாவுக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற பயம் ஒரு காரணம் என்பார்கள். கஸ்டிஸ் பங்கை விடுவிக்க இருவருக்குமே உரிமை இல்லை. 1802இல் மார்த்தா இறந்ததும் அவர்களை நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கணவன் விடுதலை, மனைவியும் பிள்ளைகளும் நான்கு வீட்டில் ஒரு வீட்டுக்கு. பல குடும்பங்களுக்கு நடந்தது இதுதான்.

சேலம்_குமரன்

யாருமே தப்பிக்கவில்லையா ஐயா?

தாரா

ஓனா ஜட்ஜ். மார்த்தாவின் தனிப் பணிப்பெண், கஸ்டிஸ் பங்கில் பிறந்தவள். பேத்தி எலிசபெத்துக்குக் கல்யாணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம் பிலடெல்ஃபியா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியேறினாள். கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர். வாஷிங்டன் இரண்டு முறை ஆள் வைத்துக் கேட்டுப் பார்த்தார், வரவில்லை. இவளைச் சொந்த மகள்போல வளர்த்தோம், நன்றி இல்லாமல் போய்விட்டாள் என்று அந்த வீட்டில் வருத்தம். 1848இல் இறக்கும்வரை சட்டப்படி அவள் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்துதான். போனதற்காக வருந்துகிறாயா என்று வயதான காலத்தில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது இல்லை என்றே சொன்னாள்.

சேலம்_குமரன்

நன்றி தாரா. ஜமைக்கா, பார்படோஸ் கரும்புத் தோட்டங்களிலும் குடும்ப வாழ்க்கை இப்படித்தானா?

ஆவணப்பூச்சி

பெரிதும் வேறு. அங்கே பெரும் முதலாளிகளில் நிறையப் பேர் லண்டனிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஜமைக்காத் தோட்டத்தில் இருந்தவர்கள் முகவர்களும் கண்காணிப்பாளர்களும், பெரும்பாலும் கல்யாணமாகாத ஆண்கள். குடும்ப மாளிகை என்பதே குறைவு. பார்படோஸ் அதிலிருந்தும் கொஞ்சம் மாறுபடும். தனி இழை தொடங்குங்கள் குமரன், நான் வார இறுதியில் வந்து எழுதுகிறேன்.